ஒயின் பீப்பாய் விஸ்கியை வாங்கலாமா? புதுச்சேரி, கடலூர் வாசகர்களுக்கு ஓர் ஒப்பீடு

முத்தியால்பேட்டை வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "சித்தப்பா அடுத்த மாதம் பாரிஸிலிருந்து வருகிறார். என்ன வேண்டும் என்று கேட்கிறார். பதினைந்து வருடம் முதிர்ந்து, கடைசியாகச் சிவப்பு ஒயின் பீப்பாயில் இருந்த சிங்கிள் மால்ட் ஒன்றைச் சொல்லலாமா? அல்லது இங்கேயே நல்ல இந்திய மால்ட் வாங்கிக்கொள்ளலாமா?" கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து இன்னொருவர், பணி ஓய்வு பெறும் அண்ணனுக்குப் பரிசாக ஒரே ஒரு நல்ல பாட்டில் வாங்க நினைக்கிறார். ஷெர்ரி (வலுவூட்டிய ஸ்பெயின் ஒயின்) பீப்பாயா, சிவப்பு ஒயின் பீப்பாயா, எத்தனை வருடம் என்பதில் குழப்பம்.

சிங்கிள் மால்ட் என்றால் முளைகட்டிய வாற்கோதுமையில் மட்டும், ஒரே ஆலையில் வடித்த விஸ்கி. இருவரும் அதன் வயதைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறார்கள். பத்து வருட மால்ட்டுக்கும் பதினெட்டு வருட மால்ட்டுக்கும் வித்தியாசம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சிவப்பு ஒயின் பீப்பாய் என்று வந்துவிட்டால், வயதுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: குடிக்கப் போகிறவர் அதை எப்படிக் குடிப்பார்? நம் கடற்கரை வெயிலில் இந்தக் கேள்விதான் பாதி முடிவை எடுத்துவிடுகிறது. மீதிப் பாதியைப் பார்ப்போம்.

## எதை வைத்து எடைபோடுவது

குடிக்கும் முறை. மே மாதத்துப் புதுச்சேரியில் மாலை ஏழு மணிக்கும் வீட்டுக்குள் முப்பது டிகிரிக்கு மேல் இருக்கும். அந்தச் சூட்டில் விஸ்கியை அப்படியே ஊற்றினால் ஆல்கஹால் நெடிதான் முதலில் மூக்கில் ஏறும். உடனே கை ஐஸைத் தேடும். ஐஸ் போட்டதும் பழ வாசனை அடங்கிப் போகும். துவர்ப்பு மட்டும் எடுப்பாக நிற்கும். திராட்சைத் தோலிலும் மரத்திலும் உள்ள டானின் என்ற பொருளின் துவர்ப்பைக் குளிர்ச்சி மிகைப்படுத்தும் என்பது சிவப்பு ஒயின் குடிப்பவர்களுக்குத் தெரியும். அதனால்தான் அதை வெள்ளை ஒயின் அளவுக்குக் குளிர வைப்பதில்லை. சிவப்பு ஒயின் பீப்பாயில் இருந்த விஸ்கிக்கும் இதே கதிதான். சோடா ஊற்றினால் இன்னும் மோசம்; எதற்காகக் கூடுதல் விலை கொடுத்தீர்களோ அதுதான் முதலில் காணாமல் போகும்.

லேபிளில் உள்ள எண். வயது போட்டிருந்தால், அது அந்தப் பாட்டிலில் சேர்ந்திருக்கும் விஸ்கிகளில் மிக இளையதன் வயது. பாட்டிலில் அடைத்த பிறகு வயது ஏறாது. 12 வருட விஸ்கியைப் பீரோவில் பத்து வருடம் பூட்டி வைத்தாலும் அது 12 வருட விஸ்கியாகவே இருக்கும்.

கடைசிப் பீப்பாயில் எவ்வளவு காலம். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். "15 வருடம், ஒயின் பீப்பாய்" என்று எழுதியிருந்தால் பதினைந்து வருடமும் ஒயின் பீப்பாயில் இருந்தது என்று பொருளல்ல. முதல் பதினான்கரை வருடம் போர்பன் (அமெரிக்க விஸ்கி) இருந்த சாதாரணப் பீப்பாயிலும், கடைசி ஆறு மாதம் மட்டும் ஒயின் பீப்பாயிலும் கழித்திருக்கலாம். 1993-இல் வந்த பால்வெனி டபுள்வுட் 12 இந்த முறையைப் பரவலாக்கிய பாட்டில்களில் ஒன்று. அதன் ஷெர்ரி பீப்பாய்க் காலம் ஒன்பது மாதம். மாறாக, கிளென்மோரஞ்சி குவின்டா ரூபன் 14-இல் பத்து வருடம் போர்பன் பீப்பாய், அடுத்த நான்கு வருடம் போர்ட் எனும் போர்ச்சுகீசிய இனிப்பு ஒயின் பீப்பாய். இரண்டுமே இரண்டு பீப்பாய் விஸ்கிகள்தான். நாக்கில் வெகு தூரம் விலகி நிற்கின்றன.

ஆல்கஹால் அளவும் உண்மையான விலையும். 750 மி.லி. பாட்டிலில் 46 சதவீதம் என்றால் உள்ளே 345 மி.லி. ஆல்கஹால், 40 சதவீதம் என்றால் 300. அந்த 46 சதவீத விஸ்கியில் நீங்களே தண்ணீர் சேர்த்து 40 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் ஏறக்குறைய 860 மி.லி. கிடைக்கும். 40 சதவீத பாட்டிலில் அந்தத் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறீர்கள். பாட்டில் அளவும் ஏமாற்றும்: இந்தியாவில் 750 மி.லி., ஐரோப்பியக் கடைகளில் 700 மி.லி., விமான நிலைய வரியில்லாக் கடைகளில் பெரும்பாலும் ஒரு லிட்டர். 60 மி.லி. கணக்கில் பார்த்தால் முறையே பன்னிரண்டரை, ஏறக்குறைய பதினொன்றேமுக்கால், ஏறக்குறைய பதினாறேமுக்கால் அளவுகள் கிடைக்கும். விலையை ஒரு அளவுக்கு இவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால்தான் ஒப்பிட முடியும்.

வாங்கும் இடமும் வைக்கும் இடமும். எல்லைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்பது சட்டப் பிரச்சினை. திறந்த பாட்டிலை எத்தனை மாதத்தில் முடிப்பீர்கள் என்பது வெயில் பிரச்சினை. இரண்டையும் தனியாகப் பிறகு சொல்கிறேன்.

## ஒயின் பீப்பாய் உண்மையில் என்ன செய்கிறது

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

வாற்கோதுமையை முளைகட்டி, காயவைத்து, நொதிக்கவைத்துச் செம்புக் கலத்தில் வடித்ததும் வரும் சாராயம் தண்ணீர்போல் நிறமற்றது. நிறமும் வாசனையின் பெரும்பகுதியும் பீப்பாய் தருவது. பிரிட்டன் சட்டப்படி ஸ்காட்லாந்தில் ஓக் பீப்பாயில், 700 லிட்டருக்கு மிகாத அளவில், குறைந்தது மூன்று வருடம் இருந்தால்தான் ஸ்காட்ச். தண்ணீரும் நிறத்துக்காகச் சேர்க்கும் கருகிய சர்க்கரைப் பாகும் தவிர வேறெதையும் சேர்க்க முடியாது. எனவே ஒயின் பீப்பாய் விஸ்கியில் ஒயினைக் கலக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். பீப்பாயின் பலகைகள் ஒயினை உறிஞ்சி வைத்திருக்கும். அதை விஸ்கி மெல்ல இழுத்துக்கொள்கிறது.

போர்டோ வட்டாரத்து ஒயின் பீப்பாய் 225 லிட்டர், பர்கண்டிப் பீப்பாய் 228 லிட்டர். இவை பெரும்பாலும் ஐரோப்பிய ஓக். அமெரிக்க ஓக்கில் வெனிலாவும் தேங்காய் வாசனையும் மிகுதி. ஐரோப்பிய ஓக்கில் டானின் மிகுதி. அதனுடன் சிவப்புத் திராட்சைத் தோலின் டானினும் சேர்கிறது. ஆக, ஒயின் பீப்பாய் விஸ்கிக்குப் பழ வாசனையையும் செம்பு கலந்த சிவப்பு நிறத்தையும் கொடுக்கும்போதே, நாக்கின் ஓரங்களைப் பிடிக்கும் துவர்ப்பையும் கொடுத்துவிடுகிறது. நாவற்பழம் தின்று முடித்த வாயை நினைத்துக்கொள்ளுங்கள்: முதலில் இனிப்பு, பின்னால் இழுக்கும் துவர்ப்பு. அந்த இரண்டும் அளவோடு இருந்தால் அருமையான விஸ்கி. துவர்ப்பு மிஞ்சினால், பதினைந்து வருட உழைப்பைக் கடைசி ஒரு வருடம் கெடுத்துவிட்டது என்று பொருள்.

கெடும் வழி இன்னொன்றும் உண்டு. ஒயின் பீப்பாய் காலியாக நிற்கும்போது புளித்துக் காடியாகும். அதைத் தடுக்கக் கந்தகம் எரிப்பது பழைய வழக்கம். சரியாகக் கழுவாத பீப்பாயில் எரிந்த தீக்குச்சி வாசனை தங்கிவிடும். சிலர் மூக்கு அதைப் பொருட்படுத்தாது. எனக்கு அது வந்தால் அந்தக் கோப்பை முடிந்தது.

இந்தக் குறைகளுக்கு மாற்றாக வந்ததுதான் பீப்பாயின் உட்பக்கத்தைச் சீவி, வாட்டி, மறுபடி கருக்கும் முறை. மறைந்த விஸ்கி ஆலோசகர் ஜிம் ஸ்வான் இதைப் பல நாட்டு ஆலைகளுக்கும் கொண்டுபோனார். புளித்த மேல்தோல் போய்விடும். அடியில் ஊறிய திராட்சைச் சர்க்கரை வாட்டலில் பாகாகும். தைவானின் கவலான் ஆலை இப்படிச் செய்த பீப்பாய்களில் முதிர வைத்த சோலிஸ்ட் வின்யோ பாரிக், 2015-இல் உலக விஸ்கி விருதுகளில் சிறந்த சிங்கிள் மால்ட் பட்டத்தைப் பெற்றது. தைவானும் நம்மைப்போல் சூடும் ஈரமும் நிறைந்த ஊர்தான். ஆனால் இந்த முறையில் வரும் விஸ்கியில் ஒயினைவிடப் பாகும் மசாலாவும்தான் முன்னால் நிற்கும். லேபிளில் "ஒயின் பீப்பாய்" என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. உள்ளே இருக்கும் சுவை இரண்டு விதம்.

## தேர்வு 1: வயது முதிர்ந்த ஸ்காட்ச், கடைசியில் சிவப்பு ஒயின் பீப்பாய்

இந்த வகைக்குள்ளேயே பல திசைகள். ஆரன் தீவு ஆலையின் அமரோன் பீப்பாய் விஸ்கி 50 சதவீதத்தில் வருகிறது. அமரோன் என்பது திராட்சையை உலர்த்திப் பிழிந்து செய்யும் இத்தாலிய ஒயின். அதன் கனம் விஸ்கியிலும் தெரியும். டல்லிபார்டின் 228 பர்கண்டிப் பீப்பாயில் முடிந்தது, 43 சதவீதம், மென்மையானது. பெயரில் உள்ள 228 பீப்பாயின் லிட்டர் அளவு, வயதல்ல. இதை வயது என்று நம்பி யாரும் பணம் கொடுக்க மாட்டார்கள். ஆனால் பெரிய எண்ணைக் கண்டதும் கண் அதில் நிற்கத்தான் செய்கிறது. கேம்பல்டவுன் ஊரின் ஸ்பிரிங்பேங்க் ஆலை தரும் லாங்ரோ ரெட் வரிசையில் பீட் (சதுப்பு நிலக் கரி) புகையும் சிவப்பு ஒயினும் மோதும். ஒவ்வொரு வெளியீட்டிலும் பீப்பாய் மாறும். புகைக்குப் பழகாதவருக்கு அதைப் பரிசளிக்காதீர்கள்.

இந்தத் தேர்வின் பலம், அடித்தளம். பத்துப் பன்னிரண்டு வருடம் போர்பன் பீப்பாயில் அமைதியாக முதிர்ந்த மால்ட்டுக்குத் தேனும் வெனிலாவும் வாற்கோதுமையின் இனிப்பும் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். ஒயின் அதன் மேல் ஒரு நிறம் பூசுகிறது. குறுகிய காலம் பூசினால் அழகு. மிக வயதான மால்ட்டை நெடுநாள் ஒயின் பீப்பாயில் விட்டால், இருந்த நுணுக்கங்கள் எல்லாம் ஒயினுக்குள் மூழ்கிவிடும். அதனால்தான் 18 வருடம், 21 வருடம் என்று ஏறும்போது ஒயின் பீப்பாய்க்காகக் கூடுதல் விலை கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த வயதில் அந்த மால்ட்டே பேசட்டும்.

மறைந்திருக்கும் செலவு: வரி. இந்தியாவில் ஸ்காட்ச்சுக்கு 150 சதவீத இறக்குமதி வரி நெடுங்காலமாக இருந்தது. 2025 ஜூலையில் கையெழுத்தான இந்திய-பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம் அதை முதலில் 75 சதவீதமாகவும், பத்தாண்டில் 40 சதவீதமாகவும் குறைக்க வழி செய்கிறது. அதற்கு மேல் மாநில வரி தனி. ஆகவே உள்ளூர்க் கடையில் வாங்கினால் பெரும் பகுதி வரிக்குத்தான் போகும்.

யாருக்குப் பொருந்தும்: வெறுமனேயோ சில சொட்டுத் தண்ணீரோடோ நிதானமாகக் குடிப்பவருக்கு, சிவப்பு ஒயினின் துவர்ப்பு ஏற்கெனவே பிடித்தவருக்கு, வெளிநாட்டிலிருந்து கொண்டுவர ஆள் இருப்பவருக்கு.

## தேர்வு 2: இந்திய சிங்கிள் மால்ட், ஒயின் பீப்பாய்

நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையைப் பார்த்து வளர்ந்த கடலூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் சொன்னால் எளிதில் புரியும். இந்தியாவில் விஸ்கி என்ற பெயரில் விற்பவற்றில் பெரும்பாலானவை மொலாசஸிலிருந்தோ (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகு) தானியத்திலிருந்தோ எடுத்த சாராயத்தில் கொஞ்சம் மால்ட் கலந்தவை. மொலாசஸ் சாராயத்தை ஐரோப்பிய ஒன்றியத்தில் விஸ்கி என்று விற்கவே முடியாது. இந்திய சிங்கிள் மால்ட் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல. முழுக்க முழுக்க முளைகட்டிய வாற்கோதுமை, ஒரே ஆலை. பெங்களூரு அம்ருத் ஆலை 2004-இல் தன் சிங்கிள் மால்ட்டை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுபோன ஊர், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ. அந்தத் துணிச்சலுக்குப் பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள்.

ஒயின் பீப்பாய்க்கு இரண்டு பாட்டில்கள் கவனிக்கத்தக்கவை. ராம்பூர் அசாவா, உத்தரப் பிரதேசத்தில் வடித்து போர்பன் பீப்பாயில் முதிர்ந்து, இந்திய கேபர்னே சாவிஞோன் ஒயின் இருந்த பீப்பாயில் முடிகிறது, 45 சதவீதம். ஹரியானாவின் இந்த்ரி ட்ரினி 46 சதவீதம். போர்பன், பிரெஞ்சு ஒயின், ஷெர்ரி என மூன்று வகைப் பீப்பாய்களில் முதிர்ந்தவற்றைச் சேர்த்தது. முன்னதில் ஒயின் தெளிவாகத் தெரியும். பின்னதில் ஒயின் கூட்டணியில் ஓர் உறுப்பினர் மட்டுமே.

"வயதே போடவில்லையே" என்பதுதான் இவற்றைப் பற்றி வரும் முதல் ஆட்சேபம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதம் ஆவியாகிறது. 200 லிட்டர் பன்னிரண்டு வருடத்தில் 157 லிட்டராகும். பெங்களூருவில் ஆவியாவது ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல். பத்து என்றே வைத்தாலும், 200 லிட்டர் ஆறு வருடத்தில் 106 லிட்டர். பன்னிரண்டு வருடத்தில் வெறும் 56. வட இந்தியக் கோடையும் இரக்கம் காட்டுவதில்லை. அதே வெப்பம் மரத்திலிருந்து சுவையை வேகமாக இழுக்கவும் செய்கிறது. ஆகவே இங்கே ஐந்தாறு வருடம் என்பது குறை அல்ல. அதற்கு மேல் வைத்தால் மரச்சுவைதான் மிஞ்சும். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: நீண்ட காலம் காற்றோடு மெல்லக் கலந்து வரும் மிருது, வெப்பத்தால் வராது. வேகமாக முதிர்ந்த மால்ட்டில் ஓக் முன்னால் நிற்கும், மசாலாக் காரம் தூக்கலாக இருக்கும். நம் உணவோடு அது ஒத்துப்போகிறது என்பது என் அனுபவம்.

மறைந்திருக்கும் செலவு குறைவு. இறக்குமதி வரி இல்லை. ஆனால் சில பாட்டில்களின் வெளிநாட்டுப் புகழ் உள்ளூர் விலையையும் ஏற்றிவிட்டது. விருது முத்திரை ஒட்டிய சிறப்பு வெளியீட்டுக்குப் பதில், அதே ஆலையின் வழக்கமான பாட்டிலை வாங்கினால் போதும்.

யாருக்குப் பொருந்தும்: ஒயின் பீப்பாய் எப்படியிருக்கும் என்று முதல்முறையாகத் தெரிந்துகொள்ள விரும்புபவருக்கு, உணவோடு குடிப்பவருக்கு, ஒரு பெரிய ஐஸ் கட்டி போடாமல் முடியாது என்பவருக்கும்கூட, ஏனெனில் 45, 46 சதவீதம் அதைத் தாங்கும்.

## தேர்வு 3: ஷெர்ரி பீப்பாய் மால்ட்

ஒயின் பீப்பாயைக் கேட்பவர்களில் பலர் மனத்தில் தேடுவது உண்மையில் இதைத்தான்: உலர்ந்த திராட்சை, பேரீச்சை, அத்தி, கிறிஸ்துமஸ் கேக். ஷெர்ரியும் ஒயின்தான், ஆனால் ஸ்பெயினில் வெள்ளைத் திராட்சையில் செய்து ஆல்கஹால் சேர்த்து வலுவூட்டியது. சிவப்புத் தோலின் துவர்ப்பு இதில் இல்லை. கிளென்டிரோனக் 12, கிளென்ஃபார்க்ளஸ் 12 ஆகியவை நம்பி வாங்கக்கூடியவை.

விலை ஏறியதற்குக் காரணம் உண்டு. முன்பு ஷெர்ரி பீப்பாயோடு பிரிட்டனுக்குக் கப்பலில் வந்தது. காலிப் பீப்பாய் ஸ்காட்லாந்துக்குப் போனது. 1980-களில் ஸ்பெயினிலேயே பாட்டிலில் அடைக்க வேண்டும் என்றான பிறகு அந்த வரத்து நின்றது. இன்று விஸ்கிக்காகவே ஷெர்ரியை ஊற்றிப் பழக்கிய பீப்பாய்களைச் செய்வித்து வாங்குகிறார்கள். பாட்டிலுக்கு நீங்கள் கொடுக்கும் பணத்தில் மரத்தின் பங்கு இதில்தான் அதிகம்.

பரிசு என்றால், பெறுபவரின் ருசி உங்களுக்குத் தெரியாது என்றால், இதுவே பாதுகாப்பான தேர்வு. இனிப்பை வெறுப்பவர் குறைவு.

## தேர்வு 4: போர்பன் பீப்பாய் மட்டும்

அமெரிக்கச் சட்டம் போர்பனுக்குப் புதிதாகக் கருக்கிய ஓக் கலத்தைத்தான் கேட்கிறது. ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய்கள் மலிவாக ஸ்காட்லாந்துக்கு வருகின்றன. அதனால் ஒரே பணத்துக்கு இங்கே அதிக வயது கிடைக்கிறது. சோடா ஊற்றினாலும் ஐஸ் போட்டாலும் தேன், எலுமிச்சை, வெனிலா வாசனைகள் நிற்கும். சங்கரா மீன் வறுவலுக்கும் இறால் தொக்குக்கும் பக்கத்தில் வைக்க இதுதான் சரி. சிவப்பு ஒயினின் துவர்ப்பு மீனோடு சேராது. மறைந்திருக்கும் செலவு, ஸ்காட்ச் என்றால் முன்பு சொன்ன அதே வரிதான்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஸ்காட்ச், சிவப்பு ஒயின் பீப்பாய் | இந்திய மால்ட், ஒயின் பீப்பாய் | ஷெர்ரி பீப்பாய் | போர்பன் பீப்பாய் |
|---|---|---|---|---|
| துவர்ப்பு | தூக்கல், பாட்டிலுக்குப் பாட்டில் மாறும் | நடுத்தரம், மசாலாவோடு | குறைவு | மிகக் குறைவு |
| ஐஸ், சோடா | வேண்டாம் | ஒரு கட்டி போதும் | சோடா வேண்டாம் | தாங்கும் |
| பணத்துக்குக் கிடைக்கும் வயது | குறைவு | வயதை வைத்து மதிப்பிட முடியாது | நடுத்தரம் | அதிகம் |
| உணவு | ஆட்டுக்கறி மிளகு வறுவல், கறுப்புச் சாக்லேட் | கோழி, ஆட்டுக்கறி, முந்திரி | உணவுக்குப் பின் | மீன், இறால் |
| தவிர்க்க வேண்டியவர் | சோடா கலப்பவர் | மிருதுவான சுவை தேடுபவர் | இனிப்பு பிடிக்காதவர் | கனமான பழச்சுவை தேடுபவர் |

## கேட்டவர்களுக்குப் பதில்

முத்தியால்பேட்டை வாசகருக்கு: சித்தப்பாவிடம் ஒயின் பீப்பாய் ஸ்காட்ச்சையே சொல்லுங்கள், ஆனால் பதினைந்து வருடம் வேண்டாம், பத்து முதல் பன்னிரண்டு வருடம், 46 சதவீதத்துக்குக் குறையாதது. பிரான்ஸில் இந்த வகை இங்கே இருப்பதைவிட ஏராளமாகக் கிடைக்கும். இந்திய மால்ட்டை அங்கிருந்து கொண்டுவரச் சொல்வதில் பயனில்லை. அதை நேரு வீதிப் பக்கம் எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். ஒரு பயணி வரியில்லாமல் கொண்டுவர அனுமதி இரண்டு லிட்டர். 700 மி.லி. பாட்டில் மூன்று என்றால் 2.1 லிட்டர், வரம்பு தாண்டிவிடும். எனவே இரண்டு பாட்டில்தான். விமான நிலையத்தில் ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு வாங்கினால் அளவு சரியாக இருக்கும், ஆனால் அங்கே வைக்கும் ஒரு லிட்டர் பாட்டில்களில் பல 40 சதவீதம். ரசீதையும் முத்திரையிட்ட பையையும் வீடு வந்து சேரும்வரை பிரிக்காமல் வைக்கச் சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம் வாசகருக்கு: அண்ணன் இதுவரை சோடா கலந்தே குடித்தவர் என்றால் போர்பன் பீப்பாய் மால்ட்டில் 12 அல்லது 15 வருடம். வெறுமனே குடிப்பவர் என்றால் ஷெர்ரி பீப்பாய். ஒயின் பீப்பாயை அவர் கேட்டாலொழிய வாங்க வேண்டாம்.

வாங்கும் இடத்தைப் பற்றி நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் விலை குறைவு என்பதற்காக அங்கே வாங்கி முள்ளோடையைத் தாண்டிக் கடலூருக்குக் கொண்டுவருவது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் பாட்டிலோடு வண்டியும் போகும், வழக்கும் வரும். ஓய்வு பெறும் அண்ணனுக்கான பரிசு வழக்கில் போய் முடியக் கூடாது. கடலூரில் இருப்பவர் டாஸ்மாக் எலைட் கடையில் கிடைப்பதற்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்னொன்று: பணத்தை இதில் முதலீடு செய்யலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். உரிமம் இல்லாமல் ஒரு பாட்டிலைக்கூட மறுவிற்பனை செய்ய இங்கே வழியில்லை. குடிப்பதற்கு மட்டும் வாங்குங்கள்.

எங்கே வாங்கினாலும் உரிமம் பெற்ற கடை, ரசீது, கலால் முத்திரை, மூடியைச் சுற்றியுள்ள உறை உடையாமல் இருப்பது ஆகியவற்றைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். வெயில் விழும் கண்ணாடி அலமாரியில் மாதக்கணக்கில் நின்ற பாட்டிலையும் தவிர்க்கலாம்.

## வாங்கிய பிறகு

ஒயினைப் படுக்க வைப்பார்கள். விஸ்கியை நிற்க வைக்க வேண்டும். நாற்பது சதவீத ஆல்கஹால் தொடர்ந்து பட்டால் தக்கை அரித்துப் பொடியாகும். நம் ஊரில் தக்கைக்குக் கடற்காற்றும் எதிரி. மேற்குச் சுவர், சமையலறைப் பரண், ஃபிரிட்ஜின் மேல்தளம் மூன்றும் கூடாது. உள்ளறைப் பீரோவின் அடித்தட்டுதான் வீட்டிலேயே சூடு குறைந்த இடம். அட்டைப்பெட்டியோடு அங்கே வையுங்கள்.

திறக்காத பாட்டில் வருடக்கணக்கில் நிற்கும். திறந்தது நிற்காது. பாதிக்குக் கீழே இறங்கிய பாட்டிலில் விஸ்கியைவிடக் காற்று அதிகம். ஒயின் பீப்பாய் விஸ்கியில் முதலில் மங்குவது அந்தப் பழ வாசனைதான், துவர்ப்பு கடைசிவரை இருக்கும். ஆகவே மாதத்துக்கு ஒருமுறை ஒரு சிறு அளவு என்று இரண்டு வருடம் இழுப்பவர் இந்த வகையை வாங்குவது நஷ்டம். போர்பன் பீப்பாய் மால்ட் அவருக்குப் பொறுமையாகக் காத்திருக்கும். ஒயின் பீப்பாயைத்தான் வாங்கினேன் என்றால், பாதி தீர்ந்ததும் வாசனை இல்லாத சிறிய கண்ணாடி பாட்டிலுக்குக் கழுத்துவரை மாற்றிவிடுங்கள்.

கோடையில் ஊற்றும் முறையும் முக்கியம். கோப்பையை மட்டும் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் பத்து நிமிடம் வையுங்கள். வாய் குறுகிய சிறு கோப்பையாக இருந்தால் நல்லது. 30 மி.லி. ஊற்றி, முதல் வாய் அப்படியே. பிறகு ஒரு தேக்கரண்டித் தண்ணீர். புதுச்சேரியில் பல பகுதிகளில் நிலத்தடி நீர் கடினமானது, சில இடங்களில் உப்பு. சுத்திகரித்த தண்ணீரையே பயன்படுத்துங்கள். தண்ணீர் பட்டதும் பழ வாசனை எழும்பினால் பீப்பாயைச் சரியாகக் கையாண்டிருக்கிறார்கள் என்று நம்பலாம். துவர்ப்பு மட்டும் கூடினால் அடுத்த பாட்டிலுக்கு வேறு ஆலையைப் பாருங்கள். பக்கத்தில் ஆரோவில்லில் செய்யும் கறுப்புச் சாக்லேட்டையோ முற்றிய பாலாடைக்கட்டியையோ வையுங்கள். பச்சை மிளகாய்க் காரம் வேண்டாம். காரமும் ஆல்கஹாலும் டானினும் சேர்ந்தால் நாக்கு எரிவது மட்டும்தான் தெரியும். குடித்த பிறகு யாரும் ஈ.சி.ஆர். சாலையில் வண்டியை எடுக்க வேண்டாம். கடலூர் திரும்ப வேண்டியவர் இரவு தங்கிவிட்டுக் காலையில் பஸ் ஏறட்டும்.